ரவிதாசனும் கில் கட்டளையும்

பொன்னியின் செல்வன் படிச்சவங்களுக்கு ரவிதாசனைத் தெரியும். எங்க காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலில், ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்துப் பறிமுதல் பற்றி ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கு. அதில் வெறுமனே 'ரவிதாசன்'னு விடலை. பஞ்சவன் பிரமாதிராஜன் என்ற பட்டம், சோமனுக்குத் தம்பி என்ற உறவு எல்லாம் சேர்த்துத்தான் வெட்டியிருக்காங்க. ஒரே பேரில் ஊரில் நாலு பேர் இருப்பாங்களே!

இந்த ஜாக்கிரதை லினக்ஸுக்கு முழுசா வர 2019 ஆச்சு.

பல பேர் பகிர்ந்துக்கிற யூனிக்ஸ் மெஷினில், ஓடுற ஒவ்வொரு புராசஸுக்கும் ஒரு நம்பர். நிறுத்தணும்னா கில் கட்டளைக்கு அந்த நம்பரைக் கொடுக்கணும். ஆள் பார்த்துச் செஞ்சா சரி. ஸ்கிரிப்டுக்குப் பேர்தானே தெரியும்? பிஎஸ் பட்டியலை கிரெப்பில் தேடினா, தேடுற கிரெப்பே அதில் வந்து நிக்கும்! அதே பேரில் ஃபைலைத் திறந்து வச்சிருக்கிற அடுத்தவரோட எடிட்டரும் மாட்டும். சாதாரண யூசர் அடுத்தவர் புராசஸைத் தொட முடியாது. ஆனா ரூட்டா ஓடுற ஸ்கிரிப்டுக்கு அந்தத் தடை இல்லை. யாரோட அரைநாள் வேலையோ அவுட்.

இதில் கில்லால் கட்டளை தனிக் கூத்து. லினக்ஸில் அது சொன்ன பேரை மட்டும் நிறுத்தும். அதே பழக்கத்தில் சோலாரிஸில் ரூட்டா அடிச்சா மெஷினே காலி!

1998இல் சோலாரிஸ் 7 பிகில் கட்டளையைக் கொண்டு வந்தது. முழுப் பேர், எந்த யூசர், எந்தத் தாய் புராசஸ்னு வடிகட்டலாம். கல்வெட்டு வழிதான்!

சரி, நம்பரை ஃபைலில் எழுதி வச்சா? பல லினக்ஸ் மெஷின்களில் நம்பர் 32768ஐ எட்டுறதுக்குள்ள திரும்ப முதல்ல இருந்து வரும். பழையவர் செத்து, அதே நம்பரில் புதுசா ஒரு அப்பாவி உட்கார்ந்திருப்பார். ஃபைலை நம்பின ஸ்கிரிப்ட் அவரைப் போட்டுத் தள்ளும்.

உறவுதான் இதில் காப்பாத்தும். செத்த பிள்ளையின் கணக்கைத் தாய் முடிக்கும்வரை அந்த நம்பர் வேற யாருக்கும் போகாது. அதனால ஆரம்பிச்சவரே நிறுத்துறதுதான் பத்திரம். 2010இல் வந்த சிஸ்டம்டியும் பிள்ளை, பேரன் வரைக்கும் குழுவாக் கணக்கு வச்சு இதைத்தான் செய்யுது. 2019இல் லினக்ஸ் 5.1, 5.3 வழியா பிஐடிஎஃப்டி வந்த பிறகு, நம்பர் கைமாறினாலும் சிக்னல் ஆள் மாறிப் போகாது.

கடைசியா ஒண்ணு: எடுத்த எடுப்பில் 9ஆம் சிக்னல் வேண்டாம். முதலில் 15. ஃபைலை மூடிட்டுப் போக அவருக்கும் ரெண்டு நிமிஷம் கொடுங்க.