கோள்களுக்கு நடுவே ஒரு பண்ணை

வானத்துக்கு ஏறிப் போனாலும் ஆண்டைக்கு ஆள் வேணும். விண்வெளிப் பேரரசுக் கதைகள் இதை எவ்வளவு சாமர்த்தியமாக மறைத்து வந்திருக்கின்றன என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். நம் பிள்ளைகள் சிலர் விஞ்ஞானக் கதை எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு மாணவர் என்னிடம் கேட்டார்: "அண்ணே, ஆயிரம் கிரகத்தை ஆளுற ஒரு சக்கரவர்த்தி வேணும். பழைய நிலப்பிரபுத்துவத்துல இருந்து எதையெல்லாம் எடுத்துக்கலாம்?" கொடி, முத்திரை, விசுவாசப் பிரமாணம், திருமண உறவு, பரம்பரைப் பகை என்று ஒரு பட்டியலை அவரே கையில் வைத்திருந்தார். எல்லாம் ஏற்கெனவே எடுத்தாயிற்று. எடுக்காமல் விட்டது எது என்பதுதான் நம் கேள்வி.

முதலில், ராக்கெட் விடுகிறவனுக்கு எதற்கு ராஜா? கதைக்காரர்கள் சொல்லும் காரணம் தூரம். தலைநகரத்திலிருந்து ஆணை போய்ச்சேர மாதக்கணக்காகும் இடத்தில் சம்பளம் கொடுத்து அதிகாரியை வைத்து ஆள முடியாது. அந்த நிலத்தின் வருமானத்தையே ஒருவனிடம் ஒப்படைத்து, பதிலுக்குப் படை கேட்பதுதான் வழி. வரலாற்றிலும் இது நடந்ததுதான். ஐரோப்பாவில் மானியம், அரபு நாடுகளில் இக்தா, மொகலாயரிடம் ஜாகிர். ஐசக் அசிமோவ் 1942 முதல் எழுதிய 'ஃபவுண்டேஷன்' கதைகளுக்கு, ரோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றி கிப்பன் எழுதிய வரலாறு அடிப்படை. பேரரசு தளர்ந்ததும் விளிம்பிலுள்ள ஒரு மாகாணம் தனி ராஜ்யமாகிறது. அதன் தூதன் வந்து, அறிஞர்கள் வாழும் கிரகத்தைப் பிரபுக்களுக்குப் பண்ணைகளாகப் பிரித்துத் தரச் சொல்கிறான். நல்ல அவதானிப்புதான். அதே கதையில் தலைநகரக் கிரகத்துக்கு 20 விவசாயக் கிரகங்கள் சோறு போடுகின்றன. தினமும் கப்பல் கப்பலாகத் தானியம் இறங்குகிறது. அந்த இருபதில் உழுதவன் யார், கூலி என்ன, விதைநெல் யாருடையது? ஒரு வரி கிடையாது.

ஃப்ராங்க் ஹெர்பர்ட் 1965இல் வெளியிட்ட 'ட்யூன்' இதைவிட விரிவானது. பிரபு வம்சங்கள், அவர்களுக்கு ஒரு சபை, மேலே ஒரு பாதுஷா. ஆம், நம் மிட்டாய்க்கடையில் இருக்கிற அதே சொல். மொகலாய அரசர்கள் சூடிய பட்டம். காக்கேசிய மலைகளில் ரஷ்யாவை எதிர்த்து நின்ற இமாம் ஷாமில் பற்றி லெஸ்லி பிளாஞ்ச் எழுதிய 1960ஆம் ஆண்டுப் புத்தகத்திலிருந்தும் ஹெர்பர்ட் சொற்களை எடுத்திருக்கிறார். கதை தொடங்குவதே ஓர் இடமாற்றத்தில்தான். சக்கரவர்த்தி ஒரு டியூக்கைப் பூர்வீகக் கிரகத்திலிருந்து கிளப்பிப் பாலைவனக் கிரகத்துக்கு அனுப்புகிறார். பதவி உயர்வு போலத் தெரிகிற பொறி. 1590இல் ஜப்பானில் ஹிதெயோஷி, தொக்குகவா இயேயசுவை அவருடைய ஐந்து மாகாணங்களிலிருந்து பெயர்த்து கான்டோ பக்கம் அனுப்பியதும் இப்படித்தான். வேர் விட்ட பிரபு ஆபத்தானவன், எனவே பிடுங்கி நடு.

பிரபு பெயர்க்கப்படும்போது குடியானவனுக்கு என்ன நடக்கிறது? மொகலாய ஜாகிர்தாரை மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். ஔரங்கசீப் காலத்தில் இங்கிருந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர் அதன் விளைவை எழுதிவைத்தார். நாளை போகப்போகிறவனுக்கு வாய்க்கால் தூர்ந்தால் என்ன, ஊர் காலியானால் என்ன? இருக்கிற வரைக்கும் கறந்துகொண்டு போ. ஜப்பானில் 1635இல் ஷோகன் இயேமித்சு ஒரு விதியை உறுதியாக்கினார். பிரபுக்கள் முறைவைத்து தலைநகர் எடோவில் வந்து தங்க வேண்டும். ஊர் திரும்பும்போது மனைவியையும் வாரிசையும் பிணையாக அங்கேயே விட்டுப் போக வேண்டும். நாவலாசிரியர்களுக்கு இந்தப் பிணை விஷயம் இனிக்கும். ஆனால் அந்த ஊர்வலங்களில் நூற்றுக்கணக்கான ஆட்களும் மூட்டைகளும் போகும். சாலையோரத்து ஊர்கள் குதிரையும் சுமைகூலி ஆளும் கொடுத்தாக வேண்டும். நடவு நேரமா அறுவடை நேரமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். 1764 முடிவில் இந்தச் சுமையை மேலும் பல ஊர்களுக்கு நீட்டப் போனபோது எடோவுக்கு வடக்கே விவசாயிகள் திரண்டு கிளம்பினார்கள். அரசு பின்வாங்கியது. இந்த ஒரு கலகத்தில் ஒரு நாவல் கிடக்கிறது. எடுப்பார் இல்லை.

'ட்யூன்' புத்தகத்தின் கடைசியில் ஒரு சொல்லகராதி இருக்கிறது. நம்மவர்கள் அங்கிருந்து வாசிக்கத் தொடங்கலாம். அதில் 'ப்யான்' என்று ஒரு பதிவு: கிரகத்தோடு கட்டப்பட்ட குடியானவர்கள், கூலிகள், கீழ்வகுப்புகளில் ஒன்று. அவ்வளவுதான், இரண்டு வரி. ஸ்பானிய அமெரிக்கப் பண்ணைகளில் கடனுக்குக் கட்டுண்டு கிடந்தவர்களின் பெயரை இது நினைவுபடுத்துகிறது. போர்ச்சுகீசிய வழியாக வந்த அதன் உடன்பிறப்புதான் நம் ஆபீஸ் 'பியூன்'. அதே அகராதியில் இன்னொரு பதிவு: டியூக்கின் பூர்வீகக் கிரகத்தின் முக்கிய ஏற்றுமதி அரிசி. நாலு சென்டிமீட்டர் நீளம் வளரும் அரிசி! சரி, நாற்றுப் பிடுங்கியது யார்? சேற்றில் குனிந்து நட்ட பெண்கள் யார்? அந்த வம்சத்தின் மானம், வீரம், பாசம் எல்லாம் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு விரிகின்றன. அந்த மானத்துக்குச் சோறு போட்ட கைகள் அகராதியில் அடங்கிவிட்டன.

நிலப்பிரபுத்துவம் என்றால் கோட்டையும் குதிரையும் இல்லை. ஆளை நகரவிடாமல் கட்டுவதுதான் அதன் உயிர். ரஷ்யாவில் 1497ஆம் ஆண்டுச் சட்டம், புனித ஜார்ஜ் நாளுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வாரம் மட்டும், பணம் கட்டிவிட்டுக் குடியானவன் வேறு நிலத்துக்குப் போகலாம் என்றது. பிறகு அந்த வாசலும் அடைபட்டது. 1649ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, ஓடிப்போனவனைத் தேடிப்பிடிக்க இருந்த காலக்கெடுவையே நீக்கியது. அதாவது, ஓடிப்போய் எத்தனை வருஷமானாலும் அவன் ஆண்டைக்குச் சொந்தம். தஞ்சாவூர்ப் பண்ணையாளின் கதை நம் வாசகருக்குப் புதிதல்ல. கல்யாணத்துக்கு வாங்கிய கடன் அவனை மிராசுதாரிடம் கட்டிப்போட்டது. எதிர்த்துப் பேசினால் சவுக்கடி, சாணிப்பால். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வர வேண்டியிருந்தது. 'ட்யூன்' உலகத்தில் விண்பயணம் முழுக்க ஒரே சங்கத்தின் கையில் இருக்கிறது. ஹெர்பர்ட் அதைப் பிரபுக்களின் அரசியலுக்காக வைத்தார். ஒரு ப்யானின் கண்ணிலிருந்து பார்த்தால் அது ஊரைச் சுற்றிய வேலி. கப்பலுக்குக் காசில்லாதவனுக்கு ஒரு கிரகம் முழுசும் ஒரே பண்ணை. ஓடுவதென்றால் எங்கே ஓடுவது?

தண்ணீர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். அந்தப் பாலைவனக் கிரகத்தில் பெரிய வீட்டு விருந்துக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. விருந்தாளிகள் வாசலில் தொட்டியில் கைநனைத்து, தரையிலும் சிந்தி, துண்டில் துடைத்துப் போடுகிறார்கள். அந்தத் துண்டைப் பிழிந்து வருகிற தண்ணீர் வெளியே காத்திருக்கும் ஏழைகளுக்கு. வாசிக்கும்போது எனக்கு வயிறு எரிந்தது. இது கற்பனை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். எச்சிலை வாங்கிக் குடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறார்கள். புதிதாக வந்த டியூக் இந்த வழக்கத்தை நிறுத்துகிறார். இனி வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு குவளைத் தண்ணீர் என்கிறார். வாசகன் உருகிப்போகிறான்: ஆகா, நல்ல ஆண்டை! 1927 மார்ச் 20 அன்று மகாட் குளத்தில் அம்பேத்கர் கைவைத்துத் தண்ணீர் அள்ளியபோது அவர் யாருடைய குவளைக்கும் காத்திருக்கவில்லை. தண்ணீர் யாருடையது என்பதுதான் அங்கே கேள்வி. நாவலில் கொடுமை எல்லாம் எதிரி வம்சத்தின் கெட்ட குணமாகிவிடுகிறது. அடிமைகள் அவர்களிடம்தான் தென்படுகிறார்கள். தலைவனை வழிபடுகிற நோயை எச்சரிக்கவே எழுதினேன் என்று ஹெர்பர்ட் பின்னாளில் சொன்னார், 1969இல் வந்த இரண்டாம் பாகத்தில் அதைக் காட்டவும் செய்தார். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தலைவனைச் சந்தேகிப்பது வேறு, நிலத்தைச் சந்தேகிப்பது வேறு.

சினிமாவைப் பாருங்கள். 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு அகிரா குரோசாவாவின் 1958ஆம் ஆண்டுப் படமான 'மறைந்த கோட்டை' தூண்டுதல் என்று ஜார்ஜ் லூகாஸே சொல்லியிருக்கிறார். குரோசாவா தன் கதையை இரண்டு ஏழைக் குடியானவர்களின் கண் வழியாகச் சொன்னார். லூகாஸ் அந்த யுக்தியை எடுத்துக்கொண்டார். ஆனால் குடியானவர்கள் இரண்டு எந்திரங்களாகிவிட்டார்கள். விலைக்கு வாங்கலாம், நினைவை அழிக்கலாம், யாரும் வருத்தப்பட வேண்டாம். ஒரு சாராயக்கடைக் காட்சியில் கடைக்காரன் அந்த எந்திரங்களை உள்ளே விடமாட்டேன், வெளியே நிற்கச் சொல் என்கிறான். கதாநாயகனும் சொல்லிவிட்டு உள்ளே போகிறான். நம் ஊர் டீக்கடையின் இரட்டைக் குவளை தெரிந்தவனுக்கு அந்த இடத்தில் சிரிப்பு வராது.

சாமுராயின் வாளைக் கொண்டுபோனவர்கள் அவனுடைய கவசத்தை யார் செய்தது என்று கேட்கவில்லை. கவசத்துக்குத் தோல் வேண்டும். உரித்துப் பதனிட்டவர்கள் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட மக்கள். போர்க்காலப் பிரபுக்கள் அவர்களைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளப் போட்டியிட்டார்கள், தீட்டு என்றும் சொன்னார்கள். 1871இல் அந்த இழிபெயர்களை அரசு ஆணை நீக்கியது. 1873இல் மிமாசக்கா பகுதியில் எழுந்த கலகத்தில் விவசாயிகளே அவர்களுடைய குடியிருப்புகளைத் தாக்கினார்கள். 1922இல் கியோட்டோவில் சுயிஹெய்ஷா என்ற சொந்த அமைப்பை அவர்கள் தொடங்கினார்கள். வாள்வீரர்கள் நிறைந்த விண்வெளிக் கதைகளில் தோல் பதனிடுகிறவன் ஒருவனை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இதெல்லாம் தற்செயலா? 'ஃபவுண்டேஷன்' கதைகளையும் 'ட்யூன்' தொடரையும் பத்திரிகையில் வெளியிட்டவர் ஒரே ஆசிரியர், ஜான் கேம்ப்பெல். கறுப்பின எழுத்தாளர் சாமுவேல் டிலேனி தன் 'நோவா' நாவலைத் தொடராக வெளியிட அவருக்கு அனுப்பினார். கறுப்பன் நாயகனாக இருந்தால் என் வாசகர்கள் ஒன்றமாட்டார்கள் என்று சொல்லி அவர் மறுத்ததை டிலேனி 1998இல் ஒரு கட்டுரையில் பதிவு செய்திருக்கிறார். வாசலில் யார் உட்கார்ந்திருந்தான் என்று தெரிகிறதல்லவா?

வேறு மாதிரியும் எழுதியிருக்கிறார்கள். டிலேனியின் 'எம்பயர் ஸ்டார்' (1966) கதையில் அழிந்த உலகங்களைத் திரும்பக் கட்டித் தருகிற ஓர் இனம் அடிமைப்பட்டிருக்கிறது. அவர்களை உடைமையாக வைத்திருப்பவரைத் தாங்க முடியாத துக்கம் பிடிக்கும், எண்ணிக்கை கூடக்கூடத் துக்கமும் கூடும். ஆனாலும் யாரும் விடுவிப்பதில்லை, ஏனென்றால் வேலை நடக்க வேண்டும். அர்சுலா லெ குவின் 1995இல் வெளியிட்ட 'மன்னிப்புக்கு நான்கு வழிகள்' தொகுப்பில் அடிமைகளின் சட்டப் பெயரே 'சொத்து'. அதில் ஒரு கதையை அடிமையாகப் பிறந்த பெண்ணே தன் வாயால் சொல்கிறாள். முப்பது ஆண்டு போராடி விடுதலை பெற்ற கிரகத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே விடுதலை பெற்ற ஆண்கள் பெண்களை வயலிலேயே வைத்திருக்கிறார்கள். நம் இயக்கத்துப் பெண்கள் இதை வாசித்தால் சொல்வதற்கு நிறைய இருக்கும்.

எனவே அந்த மாணவருக்கு நான் வேறு சாமான்களைக் கொடுத்தேன். மரக்கால் யார் கையில், அதன் அடி எவ்வளவு உயர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது? ஓடிப்போனவளைப் பிடித்துத் தருகிறவனுக்கு எவ்வளவு? மூடிய கப்பலுக்குள் மலம் எங்கே போகிறது, அந்தக் குழாய்க்குள் இறங்குகிறவன் எந்தக் கிரகத்தான்? பாலைவன மனிதர்களுக்கு ஹெர்பர்ட் ஓர் உடை கொடுத்தார். அவரவர் கழிவு அவரவர் உடைக்குள்ளேயே சுத்தமாகித் தண்ணீராகும். அந்த ஒரு கற்பனைக்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

இன்னொன்றையும் கேட்டேன். உன் கதையில் பேரரசு விழுந்த மறுநாள் காலை யார் யாருக்குப் பணம் கட்டுகிறார்கள்? 1861இல் ரஷ்யாவில் பண்ணையடிமைகளை விடுவித்தபோது, அவர்கள் பாட்டன் காலத்திலிருந்து உழுத நிலத்துக்கே விலை வைத்தார்கள். அரசு ஆண்டைகளுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, விடுதலை பெற்றவர்களிடம் 49 வருஷத் தவணையாக வசூலித்தது. 1905இல் நாடு முழுக்கக் கிளர்ச்சி வெடித்த பிறகுதான் அரசு இறங்கிவந்தது. மிச்சத் தவணைகள் 1907இல் ரத்தாயின.