நான்கா, ஆறா?

பால்குடிக் குழந்தைக்குச் சோறு ஊட்டத் தொடங்குவதைப் பாட்டிமார் விவகாரமாக ஒதுக்குகிறோம். அது அதிகாரத்தின் வரலாறு என்பேன். இந்தியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் புட்டிப்பால் விளம்பரத்தைத் தடுத்தது; டப்பா இணையுணவை விட்டுவைத்தது. அதற்குக் குறித்த வயதோ நான்கு மாதம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே என்று 2001இல் உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்தியது. நம் சட்டம் 2003இல் திருந்தியது. இணையுணவு விளம்பரத்துக்கும் அப்போதுதான் தடை. இடைப்பட்ட இரண்டு மாதமும் டப்பாக்காரனுக்குத் திறந்துவிட்ட சந்தை.

சரி, ஆறு மாதம் பால் கொடுக்கணும்னா தாய் பிள்ளையோடு இருக்கணுமே? 1961ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பேறுகால விடுப்பு 12 வாரம். அது 26 வாரமானது 2017இல்தான். அப்போதும் நாற்று நடுகிறவளுக்கு அது எட்டவில்லை. பாலுக்கும் சோற்றுக்கும் நடுவே கிடப்பது அவளுடைய அன்றாடக் கூலி. கூலியைப் பேசாத ‘தாய்மை’ யாருடைய சொல்லாடல்?