பரங்கிமலையில் ஓராண்டு

சைதாப்பேட்டை நெடுங்காலமாகவே பயிற்றுவிக்கும் ஊர். 1868இல் இங்கே வேர்கொண்ட வேளாண் பள்ளிதான் 1906இல் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்து, பின்னாளில் பல்கலைக்கழகமாக விரிந்தது. ஆசிரியர் கல்லூரியோ ஊரை விட்டுப் பெயராமல் அதன் அடையாளமாகவே நிலைத்துவிட்டது. உழவும் எழுத்தும் பயிற்றிய இவ்வூரிலிருந்து மின்ரயிலில் புறப்பட்டால் கிண்டிக்கு அடுத்த நிலையம் பரங்கிமலை. அங்கே மற்றொரு வகைப் பயிற்சி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது. நம் இலக்கிய வரலாறுகள் அதனை ஏறிட்டும் பார்த்ததில்லை. படைவீரனைப் புறத்திணையில் பாடிய மொழி, அவன் பாடம் படிக்கும் வகுப்பறைக்குள் எட்டிப் பார்க்காதது வியப்பே.

1962ஆம் ஆண்டுச் சீனப் போரின் தோல்வி, படையில் இளநிலை அதிகாரிகளின் பற்றாக்குறையை வெளிச்சமாக்கிற்று. அவசரகால நியமனம் என்ற பெயரில் பட்டதாரிகளையும் பணியிலிருந்த இளைஞர்களையும் விரைந்து சேர்த்துப் பயிற்றுவிக்க வேண்டியதாயிற்று. அதன் பொருட்டுப் புனேயிலும் சென்னையிலும் இரண்டு அதிகாரிகள் பயிற்சிப் பள்ளிகள் அமைந்தன. பரங்கிமலைப் பள்ளி தோன்றிய நாள் 1963 ஜனவரி 15. புனேப் பள்ளி சில ஆண்டுகளில் மூடப்பட, சென்னைப் பள்ளி நிலைத்தது. 1965 முதல் குறுகிய காலப் பணிக்குரிய அதிகாரிகளை உருவாக்குவது அதன் வேலையாயிற்று. வெள்ளிவிழாவை ஒட்டி 1988 ஜனவரி 1 முதல் அது அதிகாரிகள் பயிற்சி அகாடமி எனப் பெயர் பெற்றது.

இவ்விடத்தில் சைதாப்பேட்டையார் நினைவுகூரத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1910இல் மாநிலக் கல்லூரியின் இளம் ஆசிரியர் ஒருவர், ஆசிரியப் பயிற்சிக்காகச் சைதாப்பேட்டைக் கல்லூரியில் மாணவராக அமர்ந்தார். அவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1962 மே மாதம் குடியரசுத் தலைவரான அவரே முப்படைகளுக்கும் தலைவர். 1963இல் பரங்கிமலையில் தேறிய இளைஞர்களின் நியமனம் அவர் பெயரால் வழங்கப்பெற்றது. ஆற்றுக்கு இக்கரையில் பயின்றவரின் பெயரால் அக்கரையில் பயின்றவர்கள் எல்லைக்குச் சென்றார்கள்.

படைக் கல்லூரி என்றதும் பலர் நினைவுக்கு வருவது கடக்வாஸ்லா. அங்கே பள்ளிப் படிப்பை முடித்த சிறுவர் மூன்றாண்டு பயின்று, தரைப்படைக்கெனில் டேராடூனில் மேலும் ஓராண்டு கழிக்கிறார். பரங்கிமலைக்கு வருபவர் ஏற்கெனவே பட்டதாரி. கல்லூரித் தேநீர்க் கடையில் அரசியல் பேசியவர், பிடித்த நடிகருக்காக வாதாடியவர், ஓரிரு கவிதை எழுதிக் கிழித்தவராகவும் இருக்கக்கூடும். அவருக்குக் கிடைப்பது 49 வாரங்கள். முதற்பருவம், இரண்டாம் பருவம், அவ்வளவுதான். முதலாண்டே இறுதியாண்டு. அதன் முடிவில் முப்பது பேர் அளவிலான ஒரு பிளட்டூனின் உயிர் அவர் வாய்ச்சொல்லில் இருக்கும். இந்தக் குறுக்கம்தான் அங்குள்ள அன்றாடத்தின் ஒவ்வொரு நாழிகைக்கும் விளக்கம்.

பொழுது புலருமுன் உடற்பயிற்சி. பின்பு அணிவகுப்பு, ஆயுதப் பயிற்சி, தடை தாண்டுதல், வகுப்பறை, மாலையில் விளையாட்டு. ஒவ்வொன்றுக்கும் வேறு உடை. ஒன்றைக் களைந்து மற்றொன்றை அணியக் கிடைப்பவை சில நிமிடங்களே. பித்தான் ஒன்று விடுபட்டால் தரையில் உருள வேண்டும். ஒருவர் பிழைக்கு அறைத்தோழர் அனைவரும் உருள்வதும் உண்டு. பயிற்சி மாணவர் வழக்கில் இதற்கு ‘ரக்டா’ என்று பெயர். இரவு உணவுக் கூடத்திலோ முள்கரண்டி பிடிக்கும் முறையும் ஒரு பாடம். காலையில் சேற்றில் தவழ்ந்தவரே இரவில் கழுத்துப்பட்டை கட்டி நிமிர்ந்து அமர்கிறார். ஆங்கிலேயர் விட்டுச்சென்ற இவ்வழக்கங்களில் எவை தேவை, எவை வெறும் பழக்கம் என்று ஒருநாள் யாரேனும் கணக்கெடுக்கலாம்.

மாணவர் பிரிக்கப்படும் கம்பெனிகள் போர்க்களங்களின் பெயர் தாங்குவன: கொஹிமா, ஜெஸ்ஸாமி, மெய்க்திலா, நௌஷேரா, ஜோஜிலா, ஃபில்லோரா. முதல் மூன்றும் இரண்டாம் உலகப் போர்க் களங்கள். அடுத்த இரண்டும் 1947-48 காஷ்மீர்ப் போரைச் சேர்ந்தவை. கடையது 1965இன் டாங்கிப் போர். ஆகவே வரலாற்று வகுப்பு தொடங்குமுன்பே வரலாறு மாணவரின் முகவரியாகிவிடுகிறது.

அணிவகுப்பின் மொழி இந்தி. ‘சாவ்தான்’ என்றால் நிமிர வேண்டும். ‘விஷ்ராம்’ என்றால் தளர வேண்டும். வகுப்பறை மொழி ஆங்கிலம். 1965 ஜனவரி இறுதியில் இந்தித் திணிப்பை எதிர்த்துச் சென்னை மாணவர் தெருவில் திரண்டிருந்தபோதும், சில மைல் தொலைவில் அவர்கள் வயதொத்த இளைஞர்களுக்கு ஆணைகள் இந்தியிலேயே ஒலித்தன. அடுத்த ஆண்டு, 1966இல், இவ்விரு உலகங்களுக்கும் நடுவே அடையாற்றின் மீது புதிய பாலம் எழுந்தது. ஆர்மேனிய வணிகர் பெத்ரூஸ் உஸ்கான் 1726இல் கட்டிய மர்மலாங் பாலத்தின் இடத்தில் எழுந்த அப்பாலத்துக்குத் தனித்தமிழ் கண்ட மறைமலை அடிகளின் பெயர் வழங்கலாயிற்று. பரங்கிமலையிலிருந்து நகருக்குள் வரும் மாணவர் இன்றும் அப்பெயரைக் கடந்தே வருகிறார். தமிழ் மாணவருக்கு இந்தி காலில் ஏறுகிறது; வட இந்திய மாணவருக்குத் தமிழ் ஞாயிற்றுக்கிழமைக் கடைத்தெருவில் காதில் விழுகிறது. பின்னர் எந்தப் படைப்பிரிவுக்குச் சென்றாலும், அங்குள்ள வீரரின் மொழியைக் கற்பது அதிகாரியின் கடமை என்பது படையின் பழைய மரபு.

இனி வகுப்பறை. உடல் களைத்த மாணவருக்கு அதுவே கடினமான போர்க்களம். விசிறிக் காற்றில் இமை தானே மூடும். படையமைப்பு, படைச் சட்டம், போர் வரலாறு, போர்த்தந்திரம், நிலப்படம் படித்தல் என நீளும் பாடங்களுக்குத் தேர்வும் உண்டு. நிலப்பட வகுப்பில் மாணவர் முதலில் அறிவது, வடக்கு ஒன்றல்ல, மூன்று என்பதை. உண்மை வடக்கு, காந்த வடக்கு, படத்தின் கட்டங்கள் காட்டும் வடக்கு. இவற்றின் வேறுபாட்டைக் கூட்டிக் கழிக்கத் தவறியவர், இரவு நடையில் திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டே வழி தவறுவார். இப்பாடத்துக்குப் பரங்கிமலையைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் அரிது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளந்து, பின்னாளில் இமயம் வரை சென்ற மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கியது இம்மலையடியில்தான்.

கவிஞர்கள் கருத்திற் கொள்ளத்தக்க பாடம் மற்றொன்று: ஆணை வழங்குதல். தரையில் மணலைக் குவித்து மேடும் பள்ளமும் ஓடையும் செய்து, அதன்முன் நின்று மாணவர் வாய்மொழியாக ஆணையிட வேண்டும். அதற்கு ஐந்து பகுதிகள். நிலவரம், நோக்கம், செயற்படுத்தும் முறை, உணவும் மருந்தும் குண்டும் பற்றிய ஏற்பாடு, தலைமையும் தொடர்பும். வரிசை மாறலாகாது, நோக்கம் ஒரே வாக்கியத்தில் அடங்க வேண்டும். கேட்பவர் இருவர் அதற்கு இரு பொருள் கொண்டால் ஆணை தோற்றது. கவிதை எதனைச் செல்வமாகப் போற்றுகிறதோ, அந்தப் பல்பொருள் இங்கே உயிர்க்கேடு. எனினும் சொற்சுருக்கத்தில் இரண்டும் உறவினரே. மிகுசொல்லைக் களையத் தெரிந்தவர் மணல் மாதிரியின் முன் தடுமாற மாட்டார்.

1992 செப்டம்பர் 21 அன்று இவ்வளாகத்தில் பெண்கள் பயிற்சிக்கு நுழைந்தனர். முதல் அணியினர் 25 பேர். 1993 மார்ச் 6இல் அதிகாரிகளாயினர். அவர்களுக்கு அன்று வகுக்கப்பட்டது 24 வாரங்களே. பின்னரே அது ஆண்களுக்கு நிகராக 49 வாரங்களாயிற்று. பயிற்சி நிகராகியும் பணி நிகராகவில்லை. பெரும்பாலான பிரிவுகளில் நிரந்தரப் பணிக்குப் பெண்களையும் கருத வேண்டும் என்பதற்கு 2020 பிப்ரவரி 17ஆம் நாளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை காத்திருக்க நேர்ந்தது.

குறுகிய காலப் பணி என்ற சொல்லில் ஒரு வாட்டம் உண்டு. பத்தாண்டு, நீட்டித்தால் பதினான்கு. அதன்பின் ஓய்வூதியமின்றி வீடு திரும்பல். நடுவயதில் மீண்டும் வேலை தேட வேண்டும். பயிற்சியை முடிப்போருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் பாதுகாப்பு மேலாண்மையில் முதுநிலைப் பட்டயம் வழங்குவதன் முழுப்பொருள், அதனைப் பெறும் நாளில் அவ்விளைஞர் பலருக்கும் விளங்காது. தூக்கத்தோடு போராடி எழுதிய அத்தேர்வுகள் படைக்கு வெளியேயுள்ள வாழ்வுக்கும் உரியவை.

1971இல் இப்பள்ளியில் சேர்ந்தவர்களுள் ஒருவர், மும்பையில் 1946இல் பிறந்த தமிழர் ராமசாமி பரமேஸ்வரன். 1972 ஜூனில் மகார் படைப்பிரிவில் அதிகாரியானார். 1987 நவம்பர் 25 அன்று, யாழ்ப்பாணப் பகுதியில் தேடுதல் பணி முடித்து இரவில் திரும்புகையில் அவர் அணி தாக்கப்பட்டது. மார்பில் குண்டேந்திய நிலையிலும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டார். உயிர் பிரியும் வரை தம் வீரருக்கு ஆணைகள் கூறிக்கொண்டிருந்தார் என்று பரம் வீர் சக்கர விருதுக் குறிப்பு கூறுகிறது. தமிழ் மண்ணில், தமிழ் பேசுவோர் எதிர்நின்ற போரில், ஒரு தமிழ் அதிகாரியின் மரணம் அது. அப்போரைப் பற்றித் தமிழகத்தில் மாறுபட்ட எண்ணங்கள் உண்டு. இன்றளவும் அவை தணியவில்லை. பரணி பாடும் மரபுடைய மொழிக்கும் இதனைப் பாடுவது எளிதன்று.

அகாடமியின் அணிவகுப்புச் சதுக்கம் அவர் பெயரையே தாங்கியுள்ளது. ஆண்டின் முடிவில் மாணவர் இறுதி அடி எடுத்து வைப்பதும், பின்னர்ப் பெற்றோர் மகன் அல்லது மகளின் தோளில் விண்மீன் பொருத்துவதும் விழா. முதற்பருவத்தின் தொடக்க வாரங்களில் அச்சதுக்கம் வேறு காட்சி தருகிறது. மொட்டையடித்ததுபோல் முடி வெட்டிய பட்டதாரிகள் வலக்கைக்கு இடக்காலா வலக்காலா எனத் தடுமாறுகிறார்கள். சதுக்கத் தேர்வில் தேறினாலன்றி வளாகத்தை விட்டு வெளியேற அனுமதி இல்லை. தேறிய பின் வரும் முதல் ஞாயிற்றுக்கிழமையில், இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்துப்பட்டையுமாக அவர்கள் வாயிலைக் கடக்கிறார்கள். சைதாப்பேட்டைப் பாலத்தில் பேருந்துச் சன்னலோரம் விறைப்பாக அமர்ந்திருப்பவரைக் கண்டால், அவர் உறங்கிக்கொண்டிருக்கவும் கூடும்.