மகரக்கட்டுக்குப் பின்: பால நடிகர்களின் புகழும் பாதுகாப்பும்

திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையில், தெருக்கூத்துக் குடும்பத்துப் பிள்ளைகள் சிறு வயதிலேயே அரிதாரம் பூசிக்கொள்வது வழக்கம். முதலில் சின்ன வேஷம், பிறகு பெண் வேஷம், தோள் விரிந்ததும் மரக்கட்டை அணிகள் பூட்டிய கட்டை வேஷம். எந்த வயதுக்கும் ஒரு வேஷம் உண்டு. அவ்வூர்க் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் குடும்பம் தலைமுறைகளாக ஆட்டத்தில் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். நாடக மேடையும் சினிமாவும் பிள்ளைகளுக்கு இப்படியொரு படிவரிசையை அமைக்கவில்லை. இளம் புகழின் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். இத்தகைய சிறுவர் நாடகக் குழுக்களான பாய்ஸ் கம்பெனிகளில், ராஜபார்ட் என்னும் நாயக வேஷம் போடும் பையனுக்குத் தனி மரியாதை. ஆனால் பருவ வயதில் மகரக்கட்டு உடைந்து குரல் கரகரத்தால், அந்த வேஷம் அடுத்த பையனுக்குப் போய்விடும். சிறுவனாக மேடையேறிய எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் 27 வயதில் இறந்தார். பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த பி.யு. சின்னப்பா 1951இல், 35 வயதில். இந்தச் சாவுகளைப் புகழின் கணக்கில் எழுதிவிடுவோர் உண்டு. அது அவசர முடிவு. கம்பெனியில் அடி உண்டு, கண்டிப்பு உண்டு; கூடவே சோறும் இருந்தது, வாத்தியாரும் இருந்தார்.

சினிமாவில் வாத்தியார் இல்லை. கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘பாலயோகினி’ (1937) வந்ததும் பேபி சரோஜா வீட்டுக்கு வீடு அறிந்த பெயரானார். பெண் குழந்தைகளுக்குச் சரோஜா என்று பெயர் வைத்தார்கள். 1939இல் ‘தியாகபூமி’. அதன் பிறகு சில ஆண்டுகளிலேயே அவருடைய திரை வாழ்க்கை முடிந்துவிட்டது. குழந்தைமைதான் அங்கே சரக்கு. அது வளர்ந்துவிட்டால் யாருக்கும் வேண்டாம்.

‘களத்தூர் கண்ணம்மா’வில் (1960) குடியரசுத் தலைவர் பதக்கம் பெற்ற கமல்ஹாசனுக்கும் வளர்ந்ததும் வாய்ப்பு நிற்கும் அந்த இடைவெளி வந்தது. அவர் போய்ச் சேர்ந்தது அவ்வை டி.கே. சண்முகத்தின் நாடக சபையில். பின்னர் தங்கப்பன் மாஸ்டரிடம் நடன உதவியாளர். 1918இன் பால சபையில் பயின்ற சிறுவர்களில் ஒருவர்தான் சண்முகம். ஆக, பழைய கம்பெனி மரபுதான் இந்தப் பையனைத் தாங்கியது. ‘அவ்வை சண்முகி’ (1996) என்ற தலைப்பு அந்தக் கடனுக்கான நன்றி. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு சண்முகம் வாய்ப்பதில்லை.

அமெரிக்காவில் பிரச்சினை காசிலிருந்து வெடித்தது. சாப்ளினோடு ‘தி கிட்’டில் (1921) நடித்த ஜாக்கி கூகன், தன் சம்பாத்தியத்தைத் தின்றுவிட்டதாகத் தாயின் மீதே 1938இல் வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டே கலிஃபோர்னியா, பால நடிகர்களின் வருமானத்தைக் காக்கச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் அதே எண்ணம் விதியாக வர 2017 ஆயிற்று. குழந்தைக்கு நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. தொடர்ந்து 27 நாளைத் தாண்டக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வைப்பு நிதியாகப் போட வேண்டும். படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியர்தான் அனுமதி தர வேண்டும். அண்ணாமலையார் கோயில் வீதியில் ஒரு சிறுமியை வைத்துப் படமெடுத்தால், கோப்பு திருவண்ணாமலை ஆட்சியர் மேசைக்கு வந்தாக வேண்டும்.

நேரத்துக்கும் பணத்துக்கும் காவல் வந்துவிட்டது. படிப்பு தடைப்படக் கூடாது என்றும் விதி சொல்கிறது. வாய்ப்பு நின்றுபோகும் பதின்மூன்று, பதினான்கு வயதுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. அனுமதிக் கோப்பில் கையெழுத்திடும் ஆட்சியர்கள், படம் வெளிவந்த பின்னும் அந்தப் பிள்ளை பள்ளியில் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டு எழுத வேண்டும்.