துறைமுகத்தில் ஒரு நிருபர்

பெரிய துறைமுக நகரங்களின் நாளேடுகளில் ஒரு காலத்தில் 'துறைமுக நிருபர்' என்றொருவர் இருந்தார். நீதிமன்றத்துக்கு ஒருவர், பொலிஸுக்கு ஒருவர் என்பது போல, கப்பல்களுக்கு ஒருவர். விடியற்காலையில் சுகாதாரப் பரிசோதகர்களும் சுங்க அதிகாரிகளும் செல்லும் படகிலே தொற்றிக்கொண்டு போய், துறைமுகத்துக்கு வெளியே நிற்கும் பயணிகள் கப்பலில் நூலேணி வழியாக ஏறுவார். கப்பல் கரைக்கு வந்து சேருமுன், அதில் வரும் பிரமுகரை அவருடைய அறையிலேயே பேட்டி காண்பார். விமானப் பயணம் பெருகியதும் இந்த வேலையும் மெல்ல மறைந்தது. இவர்களுள் பெரும்பாலானோர் எழுதியது பழைய தாளோடு போயிற்று. விதிவிலக்காக நிற்பவர் அமெரிக்காவின் மேற்குக் கரையில், சன் டியேகோ நகரில் வாழ்ந்த மக்ஸ் மில்லர்.

மில்லர் 1899 இல் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தார். முதலாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றினார். பின்னர் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் படித்தார். இருபதுகளில் 'சன் டியேகோ சன்' என்ற மாலைப் பத்திரிகையில் சேர்ந்தபோது, துறைமுகப் பகுதி அவருடைய பொறுப்பில் விடப்பட்டது. இழுவைப் படகுக் கம்பனியின் அலுவலகத்துக்கு மேலேயிருந்த அறையைத் தமது எழுத்துக்கூடமாக்கிக்கொண்டார். ஜன்னலுக்குக் கீழே கடல்.

அந்தக் கடலில் அப்போது நடந்தவை சாமானியமல்ல. அசோரஸ் தீவுகளிலிருந்து வந்த போர்த்துக்கேயர், இத்தாலியர், ஜப்பானியர் ஆகியோர் சூரை மீன் பிடிக்கச் சென்ற துறைமுகம் அது. மூங்கிற் தடியில் கட்டிய தூண்டிலே அவர்களுடைய கருவி. மீன் பெரிதானால் இரண்டு பேர், மூன்று பேர் தத்தம் தடிகளின் கயிறுகளை ஒரே தூண்டிலிற் பிணைத்து, ஒருமித்து இழுத்துப் படகுக்குள் எறிவார்கள். இந்த மூங்கில் தூண்டில் முறையை அங்கு பரப்பியதில் ஜப்பானிய மீனவர்களுக்குப் பெரும் பங்குண்டு. 1942 இல் அவர்கள் குடும்பத்தோடு அப்புறப்படுத்தப்பட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அந்த நகரத்தின் கதையைச் சொல்வோர் இதனை ஒரு வரியிற் கடந்து விடுவதுண்டு. கடக்கக் கூடாதது என்பது என் எண்ணம்.

1927 இல் அதே நீர்க்கரையில், முன்பு மீன் பதனிடும் ஆலையாக இருந்த ஒரு கட்டடத்தில், ரயன் கம்பனியினர் ஒரு சிறு விமானத்தை இரண்டு மாதங்களில் கட்டி முடித்தார்கள். மே மாதத்தில் லின்ட்பேர்க் என்ற இளைஞர் அதிலேறித் தன்னந்தனியாக நியூயோர்க்கிலிருந்து பாரிஸுக்குப் பறந்தார். முப்பத்து மூன்றரை மணித்தியாலம். உலகை உலுக்கிய செய்தியொன்று, செய்தியாவதற்கு முன்பே உள்ளூர் நிருபர்களின் காலடியிற் கிடந்தது.

மில்லரின் நூல் 1932 இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் மிக மோசமான கட்டத்தில், டட்டன் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. பெயர் 'ஐ கவர் த வோட்டர்ஃப்ரன்ட்'. 'துறைமுகச் செய்தி என் பொறுப்பு' என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். அது நாவலுமன்று, செய்தித் தொகுப்புமன்று. நாளேட்டின் பத்திகளுக்குள் அடங்காமல் எஞ்சியவற்றை அவர் எழுதினார்: மீனவர்களின் பேச்சு, கப்பலில் வந்திறங்கும் பிரமுகர்களின் பொய்ம்முகம், குவாதலூப்பே தீவின் யானைச் சீல்கள், எல்லாவற்றையும் விட ஓரிடத்திலேயே தங்கிவிட்ட ஒருவனின் ஏக்கம். பெரிய எழுத்தாளனாக வேண்டுமென்று வந்தவன், கப்பல்கள் வருவதையும் போவதையும் குறித்துக்கொண்டு வயதேறுகிறான் என்ற உணர்வு அந்நூல் முழுவதும் ஓடுகிறது. அதன் உயிர் அங்குதான் இருக்கிறது.

ஹொலிவூட் அடுத்த ஆண்டே அதனைப் படமாக்கியது. ஜேம்ஸ் குரூஸின் நெறியாள்கை. க்ளோடெட் கோல்பேர்ட் கதாநாயகி. நூலிலிருந்து தலைப்பையும் சில துணுக்குகளையும் எடுத்துக்கொண்டு, சீனர்களைக் கடத்தி வரும் மீனவன் ஒருவனின் கதையைப் படத்தில் வைத்தார்கள். சீனர் குடியேறுவதை 1882 ஆம் ஆண்டின் சட்டம் தடுத்திருந்த காலம் அது. அச்சட்டம் 1943 வரை நீடித்தது. சட்டத்தின் கொடுமை படத்திலே வெறும் பரபரப்பாயிற்று.

அதே தலைப்பில் 1933 இல் ஜோனி கிரீன் இசையமைக்க, எட்வேர்ட் ஹேமன் ஒரு பாடல் எழுதினார். பில்லி ஹொலிடே போன்றோரின் குரலில் அது ஜாஸ் உலகில் நிலைத்துவிட்டது. பாடலில் நிருபரே இல்லை! காதலனுக்காகத் துறைமுகத்தில் காத்திருக்கும் ஓர் உள்ளந்தான் பாடுகிறது. ஆக, தலைப்பு ஒருவருடையது, புகழ் பலருடையது.

மில்லர் அதன் பின்னும் எழுதிக்கொண்டேயிருந்தார். இருபதுக்கு மேற்பட்ட நூல்கள்: பெரிங் கடல், மெக்சிக்கோ, நெவாடாவின் ரீனோ நகர், தமது சிறுபிராயம் என்று பல. இரண்டாம் உலகப் போரில் மீண்டும் கடற்படைக்குச் சென்று, விமானந்தாங்கிக் கப்பல் வாழ்வைப் பற்றி 1944 இல் ஒரு நூல் தந்தார். முதல் நூலின் வீச்சை இவை எட்டவில்லை என்று சொன்னால் அவருக்கு அநீதியாகாது. செய்தியின் நெருக்குதல் இருந்தவரை அவருடைய வசனம் சுருக்கமாகவும் கூர்மையாகவும் இருந்தது. முழுநேர எழுத்தாளரானதும் அது தளர்ந்தது. 1967 இல் லா ஹோயாவில் வாழ்ந்த காலத்திலேயே அவர் காலமானார்.

அவருடைய தாள்கள் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சன் டியேகோ வளாக நூலகத்தில், சிறப்புச் சேகரிப்பில் பேணப்படுகின்றன. நிருபர் ஒருவரின் தாள்களுக்கு ஏன் இந்த மரியாதை என்று கேட்கலாம். மரக்கூழிற் செய்த செய்தித்தாள் தன்னுள்ளேயிருக்கும் அமிலத்தால் மஞ்சளாகி நொறுங்கிவிடும். ஆகவேதான் பழைய பத்திரிகைகளை நுண்படலத்திற் பதிவு செய்கிறார்கள். அப்படிப் பதிவு செய்த பக்கத்திலும் ஆசிரியபீடம் விட்டுவைத்த வரிகளே இருக்கும், வெட்டியெறிந்தவை இரா. எழுதியவர் தாமே சேர்த்துவைத்த தாள் மட்டுமே அந்த இடைவெளியைக் காட்டக்கூடும். மில்லருடைய விடயத்தில் இது இன்னும் அவசியம். 1939 இல் அவருடைய பழைய பத்திரிகையே போட்டிப் பத்திரிகைக்கு விற்கப்பட்டு அதனுடன் கலந்துபோயிற்று.

அவர் எழுதிய துறைமுகமும் பிறகு இல்லாது போனது. அறுபதுகளில் மூங்கிற் தடிகளின் இடத்தைப் பெரிய சுருக்குவலைகள் பிடித்தன. சூரையைப் பதனிட்டு டின்னில் அடைத்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கடைசிப் பெரிய ஆலை 1984 இல் கதவடைத்தது.