டோக்கன் கேட்கும் சர்வர்: டிஎன்எஸ் குக்கியின் கதை

நீங்க போன்ல ஒரு தளத்தோட பெயரைத் தட்டினதும் அதுக்கான ஐபி எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ். 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தது. கேள்வி பெரும்பாலும் யுடிபி வழியாகப் போகும். அது தபால் கார்டு மாதிரி: அனுப்புநர் இடத்தில் யார் முகவரியை வேண்டுமானாலும் எழுதலாம்.

இதுல ரெண்டு ஆபத்து. முதலாவது, போலிப் பதில். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு 16 பிட் எண் உண்டு. மொத்தமே 65,536 வாய்ப்புதான். அதை ஊகித்துப் பொய்ப் பதிலை நுழைப்பது எவ்வளவு சுலபம் என்று 2008-ல் டான் கமின்ஸ்கி காட்டினார். இரண்டாவது, உங்க முகவரியைப் போட்டு வேற யாரோ கேட்பது. கேள்வி சின்னது, பதில் பெரியது. அத்தனையும் உங்க வாசலில் வந்து குவியும். 2013 மார்ச்சில் ஸ்பாம்ஹாஸ் அமைப்பை இந்த வழியில் தாக்கினார்கள்.

இதற்கு டொனால்ட் ஈஸ்ட்லேக்கும் மார்க் ஆண்ட்ரூஸும் எழுதிய தீர்வு, 2016 மே மாதம் ஆர்எஃப்சி 7873 என்ற தரநிலையாக வெளியானது. பிரவுசர் குக்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேட்பவர் 8 பைட் டோக்கன் ஒன்றை அனுப்புவார். சர்வர் அதைத் திருப்பித் தரும். கூடவே அவர் முகவரியையும் தன் ரகசியத்தையும் கலந்து செய்த இன்னொரு டோக்கனையும் தரும். அடுத்த முறை ரெண்டையும் காட்டணும். முகவரி பொய்யென்றால் சர்வரின் டோக்கன் கைக்கே வராது, இல்லையா? சர்வரும் யாரையும் நினைவில் வைக்க வேண்டாம். மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தால் போதும்.

அழகான ஏற்பாடுதான். ஆனால் நான் வரைவை வாசித்திருந்தால் ஒரு கேள்வி கேட்டிருப்பேன்: ஒரே ஐபி எண்ணுக்குப் பின்னால் வேறு வேறு மென்பொருளில் ஓடும் பல சர்வர்கள் நின்றால்? சர்வர் டோக்கனைச் செய்யும் முறையை அவரவரிடமே விட்டிருந்தார்கள். ஒருவர் கொடுத்ததை அடுத்தவர் ஏற்கவில்லை. எல்லோருக்கும் ஒரே செய்முறை, சிப்ஹாஷை வைத்து, 2021-ல் ஆர்எஃப்சி 9018 வழியாகத்தான் வந்தது.

இன்னும் வரம்புகள் இருக்கு. வழியில் உட்கார்ந்து போக்குவரத்தைப் பார்க்கிறவருக்கு டோக்கனும் தெரியும். டோக்கன் இல்லாமல் வருகிற பழைய மென்பொருளுக்குச் சர்வர் கதவை மொத்தமாகச் சாத்தவும் முடியாது. பதிலைக் குறைத்துத் தரலாம், அவ்வளவே. ஆனாலும் ரெண்டு பக்கமும் ஏற்றுக்கொண்டாலே அந்த இருவருக்கும் அன்றைக்கே பலன் கிடைக்கும். யாருடைய அனுமதிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. இணையத்தில் நிலைத்த மாற்றங்கள் பல இப்படித்தான் வந்திருக்கு.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.