பிறழ் உறவுக் குற்றச்சாட்டும் குழந்தையின் வளர்ப்புரிமையும்: மணமுறிவு வழக்குகளின் காலதாமதம் பற்றி

மணமுறிவு மனுவை, எதிர்தரப்புக்கு அறிவிப்பு சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது இந்து திருமணச் சட்டம், 1955-இன் 21பி பிரிவு. குடும்பநல நீதிமன்றத்தின் படியேறியவர்கள் அறிந்த காலம் வேறு. ஒருவர் மற்றவர்மீது பிறழ் உறவைச் சுமத்தி, குழந்தை யாரிடம் வளர்வது என்பதிலும் பிணக்கிருந்தால், வழக்கு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. வழக்குச் சுமையும் வாய்தாக்களும் எல்லா வழக்குக்கும் பொது. இவ்வகை வழக்குக்கே உரிய காரணம் ஒன்றுண்டு: நடந்ததை ஆராயும் கேள்வியும் இனி நடக்க வேண்டியதைத் தீர்மானிக்கும் கேள்வியும் ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன. அதன் விளைவாகக் குழந்தை யாரிடம் வளரும் என்பதைத் தாமதமே முடிவு செய்துவிடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. நிரூபணத்தின் நீளம்

1976 திருத்தத்துக்கு முன், எதிர்தரப்பு பிறழ் உறவில் ‘வாழ்ந்துவருவதாக’ நிறுவ வேண்டியிருந்தது. இன்று ஒரு நிகழ்வே போதும். ஐயத்துக்கு இடமற்ற நிரூபணம் தேவையில்லை, நிகழ்தகவின் எடையே போதும் என்று மணவழக்குகளுக்கான அளவுகோலை 1975-இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. பிறழ் உறவைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவு 2018-இல் நீக்கப்பட்ட பின்னும், மணமுறிவுக்கான காரணமாகப் பிறழ் உறவு நீடிக்கிறது.

சட்டம் எளிதாகியும் சாட்சியம் எளிதாகவில்லை. மனைவியின் ஒப்புதலின்றிக் கணவர் பெற்ற கைபேசி அழைப்பு விவரங்களை, அந்தரங்க உரிமையைக் காட்டி, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024-இல் ஏற்க மறுத்தது. தம்பதியர் பேச்சை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் அது சாட்சியமாகலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது. பிறழ் உறவை நிறுவுவதற்காகக் குழந்தைக்கு மரபணுச் சோதனையை வழக்கமாக உத்தரவிடக் கூடாது என்பது அதன் 2023 தீர்ப்பு. இத்தகைய சிக்கல் ஒவ்வொன்றும் ஓர் இடைக்கால மனுவாகிறது. அதன்மேல் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு தொடர்கிறது. அதுவரை மூல வழக்கு நகர்வதில்லை.

சமரசமும் கடினமாகிறது. பிறழ் உறவில் வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு. எனவே மானத்துக்காக மட்டுமன்றி, வாழ்வாதாரத்துக்காகவும் அவர் கடைசிவரை மறுத்துப் போராட நேர்கிறது. பரஸ்பர சம்மத மனுவில் ஆறு மாதக் காத்திருப்பைக்கூடத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017 முதல் வழியிருந்தும், இவர்களுக்கு அந்த வாசல் பெரும்பாலும் அடைபட்டே கிடக்கிறது.

2. காத்திருக்கும் குழந்தை

குழந்தையின் நலனே தலையாயது என்கிறது 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம். வாழ்க்கைத் துணைக்குச் செய்த துரோகம் ஒருவரைத் தகுதியற்ற தாயாகவோ தந்தையாகவோ ஆக்கிவிடாது என்று உயர் நீதிமன்றங்களும் கூறியுள்ளன. ஆயினும் வளர்ப்புரிமை மனுவின் பிரமாணப் பத்திரங்களில் நடத்தைப் பழியே பக்கங்களை நிரப்புகிறது.

நான்கு வயதுக் குழந்தையை எண்ணிப் பார்ப்போம். ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்பது சட்டம். தந்தை வீட்டில் குழந்தை இருக்க, வழக்கு ஆறாண்டு நீண்டால் அந்த விதி பயனிழந்துவிடும். பத்து வயதில், 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்படி, குழந்தையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கேட்கலாம். ஒரு வீட்டையே அறிந்த குழந்தை வேறென்ன சொல்லும்? பழகிய பள்ளியிலிருந்தும் சூழலிலிருந்தும் அதைப் பிடுங்க நீதிபதி தயங்குவதும் நியாயமே. தாயிடம் குழந்தை இருந்து தந்தை ஏங்கும் வழக்கிலும் இதே கதைதான். ஒவ்வொரு முடிவும் தனித்தனியே சரி. மொத்தத்தில், முதல் நாளில் குழந்தையைக் கைவசம் வைத்திருந்தவரே வெல்கிறார். ஆகவே இழுத்தடிப்பது அவருக்கு இலாபமாகிறது.

3. மறுப்பும் வழியும்

நடத்தையும் குழந்தை நலனும் தொடர்புடையவை, பிரித்தால் இரட்டை விசாரணையாகும் என்பர். புதிய துணைவரால் குழந்தைக்கு ஆபத்து என்றால் அதை விசாரித்தே ஆக வேண்டும். ஆனால் அங்கே கேட்க வேண்டியது குழந்தைக்கு நேர்வது என்ன என்பதை மட்டுமே. உறவு நிகழ்ந்ததா என்ற முழு நிரூபணம் அதற்குத் தேவையில்லை. அவசர முடிவு பிழையாகலாம் என்ற அச்சத்துக்கும் விடையுண்டு. வளர்ப்புரிமை ஆணைகளைச் சூழலுக்கேற்ப மாற்றலாம் என்று 1973-இலேயே, சென்னையிலிருந்து சென்ற மேல்முறையீட்டில், உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பிழையான ஆணையைத் திருத்தலாம். கடந்துபோன குழந்தைப் பருவத்தைத் திருப்பித் தர எந்த ஆணையாலும் இயலாது.

இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, வழக்கு நடக்கும்போதே வளர்ப்புரிமை குறித்து ஆணையிட அதிகாரம் தருகிறது. குழந்தையின் பராமரிப்புச் செலவு, கல்வி பற்றிய மனுக்களை இயன்றவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்று 2001-இல் அதில் சேர்க்கப்பட்டது. வளர்ப்புரிமைக்கு அந்தக் கெடு இல்லை. பள்ளிக் கட்டணத்துக்குக் கெடு விதித்த சட்டம், குழந்தை எந்த வீட்டில் உறங்கும் என்பதற்கு விதிக்கவில்லை. வளர்ப்புரிமையையும் சந்திப்பு உரிமையையும் அந்த 60 நாள் வரம்புக்குள் கொண்டுவரும் திருத்தமே முதல் தேவை. அதுவரை, பிறழ் உறவுச் சாட்சியம் தொடங்கும் முன்பே குழந்தை குறித்த மனுவைத் தனியே எடுத்து முடிக்க, இருக்கும் அதிகாரமே குடும்பநல நீதிமன்றங்களுக்குப் போதும்.